செத்தவர் இடத்தில் தம்பி பெயர்

நந்திதுர்க்கில் ஓர் அச்சகத்தில் டைப் செய்யும் வேலை பார்த்தேன். அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவசரத்தில் பிழை பார்க்காமலே அடித்து, ஒட்டவும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் வந்தார். "இன்னாங்க, செத்தவரு இடத்துல என் பேரப் போட்டிருக்கீங்க? நான் கல்லறைக்குப் போயிருந்த நேரத்துல யாரோ படிச்சிட்டு அம்மாகிட்ட சொல்லிட்டாங்க. நானும் போயிட்டேன்னு வுழுந்தவங்க இன்னும் கண்ணே தொறக்கல" என்றார். அவர் திட்டவில்லை.

அந்த வாரமே அவருடைய அம்மாவும் இறந்தார். அந்த அம்மாவுக்கு வேறு அச்சகத்தில் போஸ்டர் அடித்தார்கள்.

இப்போது பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒவ்வொருவர் பெயரையும் அவரிடமே படித்துக் காட்டிய பிறகுதான் குப்பியில் ஒட்டுகிறேன்.

"இந்தக் கவனத்தை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று மேலாளர் பாராட்டினார்.

அச்சகத்தில் என்றேன். அடுத்தவரை அழைத்து, அவர் பெயரைப் படித்துக் காட்டினேன்.