பசுமலைக்கு முதுகு காட்டிய மோட்டார்

ஜில்லா கோர்ட்டு நகல் குமாஸ்தா ஹாலாஸ்யம் ஜன்மத்தில் ஒரே ஒரு தடவைதான் ஏலத்தில் வாய் திறந்தார். அதுவும் கொட்டாவி விடத்தான் என்று அவர் மனைவி பாகீரதி கடைசிவரை சாதித்தாள். எப்படியோ, 1931இல் கொடைக்கானலை விட்டுக் கப்பலேறிய ஒரு துரையின் பழைய மோட்டார் அவர் தலையில் வந்து விழுந்தது. பின் ஸீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை தொடக்கூடாதென்று இருபத்தோரு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பைத்தியம் பிடித்தது அந்த இருபத்தோரு நாளில்தான்.

சிம்மக்கல் சந்தில் அவர் வீட்டு மாட்டுக்கொட்டில் மோட்டார்க்கொட்டில் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டிக்கு அடியில் மல்லாந்துவிடுவார். தேய்ந்த செருப்பை வெட்டி வாஷர் போட்டார். ரேடியேட்டர் ஒழுகினால் பாகீரதியின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள்பொடியைத் திருடிக் கொட்டுவார், ஓட்டை அடைபடும். ஆனால் வண்டி கொதித்தால் தெருவெல்லாம் குழம்பு வாசனை. எங்கோ பந்தி நடக்கிறதென்று இலையோடு வந்து நின்றவர்கள்கூட உண்டு.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அலங்காநல்லூரில் நிறைய வயல் வைத்திருந்த சம்சாரி நல்லகாமன் அவர்களுக்குத் தலைவர். பஸ் மெக்கானிக் சுருளி வண்டிகளுக்கெல்லாம் வைத்தியர். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கன்று எல்லாரும் தங்கள் கிழ வண்டிகளோடு வைகைக் கரையில் கூடுவார்கள். சமயநல்லூர் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி, பசுமலை ஏற்றத்தில் ஏறி முடிப்பார்கள். யார் முதலில் என்பதெல்லாம் கிடையாது. மாடு கட்டி இழுக்காமல் ஏறினால் போதும். மாடு இழுத்த வண்டி, இழுத்த மாட்டின் கழுத்து மணியைத் தன் மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். என்றைக்குத் தானாக ஏறுகிறதோ அன்றைக்குத்தான் அவிழ்க்கலாம்.

ஹாலாஸ்யத்தின் வண்டியில் ஒன்பது வருஷத்தில் ஒன்பது மணி தொங்கியது. பசுமலை அடிவாரத்து மாட்டுக்காரர் சோணை சித்திரைத் திருவிழாவில் ஒரு மணி கூடுதலாக வாங்குவதே இவருக்காகத்தான்.

“சாமி, இந்த வருசமும் நம்ம மாடுதானா?”

“கொஞ்சம் பொறு, சோணை. இப்பக் கிளம்பிடும்.”

“நான் எம்புட்டு நேரம்னாலும் பொறுப்பேன் சாமி. மாடுதான் உங்க வண்டியக் கண்டதும் தானா வந்து முன்னால நிக்குது.”

ஊர் சிரித்தது அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தது ஒன்றுதான். வண்டி வாங்கிய அன்றே பாகீரதி சொல்லிவிட்டாள்: “மாடு இழுத்தா அதுக்குப் பேர் மோட்டாரா? ஒரு தடவை மாடு தொடாமப் பசுமலை ஏறிட்டு வாங்கோ, நான் ஏறி உக்காரறேன்.” அன்றிலிருந்து தன் பக்கத்து ஸீட்டில் அவர் யாரையும் உட்காரவிடவில்லை. நல்லகாமனைக்கூடப் பின்னால் போகச் சொல்லிவிடுவார். தினம் ஆபீஸ் போகுமுன் அந்த ஸீட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போவார்.

பத்தாம் வருஷம், 1941. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள், கிரீஸ் படிந்த அவர் கையில் பாகீரதி கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அது ஏன் ஏத்தத்துல மட்டும் நின்னுடறது?”

“பெட்ரோல் தொட்டி ஸீட்டுக்கு அடியில இருக்கு. ஏத்தத்துல இஞ்சின் மேலே போயிடறது. பெட்ரோல் அங்கே எட்டலை.”

“இதுக்கா பத்து வருஷம்? கெண்டி மூக்கைத் தூக்கிப் பிடிச்சா தண்ணி விழுமா? பின்பக்கமா ஏறுங்கோளேன்.”

ஹாலாஸ்யம் ஈரக் கையைத் துடைக்க மறந்து நின்றார்.

மறுநாள் பசுமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி ரிவர்ஸில் ஏறியது. சுருளி பின்னால் நடந்து, “இடது பக்கம் ஒடிங்கண்ணே! இன்னும் ஒடிங்க!” என்று கத்தினார். “ஐயரே, மலைக்கு முதுகக் காட்டுறீரே, மருவாதியா இது?” என்றார் நல்லகாமன். சோணையின் மாடுகள் ஏமாந்துபோய்க் கூடவே நடந்தன.

ஒன்பது வருஷம் பாறையைப் பார்த்து ஏறியவர், அன்றுதான் ஊரைப் பார்த்து ஏறினார். புளியமரச் சாலை கீழே போயிற்று. வயல்கள் கீழே போயின. அதற்கப்பால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கோபுரங்கள் எழுந்து வந்தன. “பாத்தியா!” என்று பக்கத்து ஸீட்டில் கையை வைத்தார். வெயிலில் காய்ந்த ஸீட்டுத் தோல்தான் சுட்டது.

மணிகளை அவிழ்த்துவிட்டார்கள். மணிச் சத்தமில்லாமல் வீடு வந்ததில், அவர் வாசலில் நிற்பதே பாகீரதிக்குத் தெரியவில்லை.

“ஏறிட்டேன். வா, உக்காரு.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். படியில் வலது காலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

“ஆடியில முதல் முதலா ஏறப்படாது. ஆவணி பொறக்கட்டும்.”

பதினைந்தே நாள். ஆனால் ஆவணி பிறப்பதற்குள், யுத்தத்தை முன்னிட்டு, பெட்ரோலுக்குப் பங்கீட்டுச் சீட்டு வந்துவிட்டது. எதற்காக வேண்டும் என்று அதிகாரி கேட்டார். ஆயுசெல்லாம் அடுத்தவர் மனுவை நகலெடுத்தவருக்குச் சொந்த மனுவில் எழுத ஒரு பொய் வரவில்லை. ‘மனைவியை ஏற்றிக்கொண்டு பசுமலை போக’ என்றே எழுதினார். அதிகாரி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆவணி முதல் நாள் நல்ல வேளை பார்த்துப் பாகீரதி கொட்டிலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அதன்பிறகு சாயங்காலந்தோறும் அதுவே வழக்கமாயிற்று. ஹாலாஸ்யம் சக்கரத்தைத் திருப்பியபடி, “பாலம் தாண்டியாச்சு... இதோ சமயநல்லூர்” என்பார். “மெதுவா போங்கோ, ஒரே புழுதி” என்று அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ராமேஸ்வரம் போனார்கள், காசிக்கே போய்வந்தார்கள். பசுமலைப் பக்கம் மட்டும் அவர் வண்டியைத் திருப்பவே இல்லை. அதை வாயால் காட்ட அவருக்கு மனசு வரவில்லை.

இப்படி இரண்டு வருஷம். யுத்தம் முடிகிற வழியாயில்லை. டயர்களைத் தட்டிப் பார்த்த சுருளி, “இன்னொரு கோடை தாங்காதுண்ணே. புதுசு எங்கயும் கெடையாது” என்றார்.

அன்று சாயங்காலம் பாகீரதி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம், “ஏன்னா, மாடு இழுத்தாத்தான் என்ன?” என்றாள்.

“இது ஆடி மாசம்.”

“ஆடிதானே? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

ஆடிப்பெருக்கன்று சோணை மாடுகளோடு சிம்மக்கல்லுக்கே வந்தார். மாட்டின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்து வாங்கி, வண்டியின் மூக்கில் ஹாலாஸ்யம் தன் கையாலேயே கட்டினார். தெருவெல்லாம் வேடிக்கை பார்க்க, பாகீரதி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். அடிவாரத்தில் சோணை நிறுத்தினார்.

“இப்படியே ஏத்திரவா சாமி?”

“வண்டியைத் திருப்பு சோணை. மாட்டைப் பின்பக்கம் கட்டு.”

வண்டி முதுகைக் காட்டிக்கொண்டு ஏறியது. புளியமரங்கள் கீழே போயின. பாகீரதி முன்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“மூணுதான் தெரியறது. நாலாவது எங்கே?”

“பொறு. இன்னும் கொஞ்சம் ஏறணும்.”

பின்னால் சோணை மாட்டை அதட்டினார். முன்னால் மணி ஆடியது.