பந்தலில் கட்டிய குலைகள்

சுருளிக்குப் போகிற சாலையில் வரிசையாகப் பன்னீர் திராட்சைக் கடைகள். எல்லாக் கடையிலும் அதே பழம், அதே அட்டைப்பெட்டி, அதே விலை. கார்க்காரர் எதற்கு என் கடையில் நிற்க வேண்டும்? கையை ஆட்டிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தோட்டத்தைத் திறந்துவிட்டேன். கத்தரிக்கோலைக் கொடுத்து, பிடித்த குலையை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். தன் கையால் வெட்டிய பழத்துக்கு யாரும் பேரம் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, மறைப்பானேன்.

பழம் முடிந்த கொடியைக் கவாத்து வெட்டினால் மறுபடி பழம் வர நாலு மாதம் ஆகும். அதுவரை தோட்டத்தைப் பூட்டிவிடுவேன். இல்லாதபோது இல்லை என்று சொன்னால்தானே இருக்கும்போது நம்புவார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே எரிச்சல்.

போன கவாத்து வெட்டி ரெண்டு மாதம் கழித்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வருசநாட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் தோட்டம் திறந்து கிடக்கிறது, வாசலில் நாலு கார். காய் பழுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று உள்ளே ஓடினேன். வருசம் தவறாமல் வரும் கேரளத்து டீச்சர் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தார். அவர் வெட்டிய குலை கையில் இருந்தது. அதன் காம்பு மட்டும் பச்சை நூலில் கட்டப்பட்டு மேலே தொங்கியது. சுற்றிலும் பச்சைக் காய்களுக்கு நடுவே கறுத்த குலைகள், எல்லாவற்றிலும் நூல்.

"சேச்சியும் இப்படியா?" என்றார். பழத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கோம்பையில ஒரு தோட்டத்துல வாங்கிக் கட்டுனது. பழம் பழந்தானே? எல்லாரும் சந்தோசமா வெட்டிட்டுப் போறாக, ஒனக்கு என்ன நோகுது?"

"அப்ப பக்கத்துக் கடைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

"அவனுக்கு இப்படிக் கட்டத் தெரியாது" என்று சிரித்தார்.

வேறு யாரும் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். முப்பது வருசம் கூட இருந்த மனுசன், என் வாக்கு எனக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்தே விற்றார். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

டீச்சருக்குப் போன் செய்து, நான் ஊரில் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். "சாரமில்ல சேச்சி, பரவாயில்லை" என்றார். நம்பியது போல் இல்லை.

அடுத்த முறை வந்தபோது அவர் கார் எங்களைத் தாண்டிப் போய் மூன்றாவது கடையில் நின்றது. பெட்டியில் அடுக்கிவைத்த பழத்தை, பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்தார்.