வலது ஓரத்தில் ஓடியவன்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் கால்பந்து அணி வைத்திருந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்காத காலம். நான் வலது ஓரத்தில் வேகமாக ஓடுவேன் என்பதற்காகவே நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் வேலை கொடுத்தார்கள். தூரத்திலிருந்து வரும் பந்தை ஓட்டத்தை நிறுத்தாமல் காலில் வாங்கி, கோலுக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும். வெறுங்காலில்தான் ஆடுவேன்.

எங்கள் கேப்டன் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். பூட்ஸ் போட்டவர் அவர் ஒருவர்தான். என் இடத்தில் தன் மச்சினனை ஆடவைக்க அவருக்கு ஆசை. ஒருநாள் பயிற்சியில், பந்து தாண்டிப் போன பிறகும் ஓடிவந்து என் வலது பாதத்தை மிதித்தார். இரண்டு விரல்கள் ஒடிந்தன. மானேஜரிடம், "அவனாத்தான் வழுக்கி விழுந்தான்" என்றார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. ஓட முடியாதவன் எதற்கு என்று மறுவாரமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சேத்தூரில் அக்கா வீட்டில் கிடந்தேன். கால் ஊன்ற முடிந்ததும் வறண்ட கண்மாய்க்குள் ஓடத் தொடங்கினேன்.

"இன்னும் எதுக்குலே இந்தப் பந்து?" என்றாள் அக்கா.

"அவன் காலும் ஒடியணும்க்கா."

மறுவருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியில் சேர்ந்தேன். இறுதி ஆட்டத்தில் எதிரே அதே மில். அன்றைக்கு முதன்முறையாகப் பூட்ஸ் போட்டு இறங்கினேன், மிதிப்பதற்காகவே. ஆனால் அதன் கனத்தில் என் ஓட்டம் போய்விட்டது. கேப்டன் சிரித்துக்கொண்டே பந்தைப் பறித்தார். இடைவேளையில் பூட்ஸைக் கழற்றி எறிந்தேன்.

இடப்பக்கம் திரும்ப அவர் தாமதிப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கமாகவே போய் இரண்டு கோல் போட்டேன். மூன்றாம் முறை அவரைத் தாண்டியதும் நின்றேன். அவர் ஓடிவரட்டும் என்று காத்திருந்து மறுபடி தாண்டினேன். மறுபடியும். கூட்டம் சிரித்தது. "பந்தைப் போடுலே!" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள்.

"போதும்லே, விட்டுரு," என்றார் அவர் மூச்சு வாங்க.

"வாரும், இன்னொருக்க வாரும்," என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மூன்றாவது கோலைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மானேஜரே சேத்தூருக்கு வந்தார். "திரும்ப வாரியா?"

"வாரேன். அவரு டீம்ல இருக்கக்கூடாது."

"அம்புட்டுத்தானே?"

"அவரு மச்சினனும்."

சம்மதித்தார்கள். முழங்கால் விட்டுப்போகும்வரை ஐந்து வருஷம் அந்த அணிக்கு ஆடினேன். இரண்டு வருஷம் கேப்டனாகவும் இருந்தேன். பழைய கேப்டன் அதே மில்லில்தான் வேலை பார்த்தார். மைதானத்துப் பக்கம் வரவேயில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

வயதானால் மனம் இளகும் என்றார்கள். தளவாய்புரத்தில் அவர் இறந்தபோது போயிருந்தேன். மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வந்தீயளே" என்று அழுதான். மாலை போட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீடு வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.