நவமணியும் டிஸ்பென்சரி நாற்காலியும்

நவமணி மலையேறினால் மூடுபனி ஒதுங்கி வழிவிடும் என்று பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் பேச்சு. ஒருமுறை தேயிலைக் கொழுந்துக் கூடையின் மேல் ஒரு கன்றுக்குட்டியையும் போட்டுச் சுமந்து இறங்கினாள். அது வழியிலேயே தூங்கிவிட்டது. நம்பாதவர்கள் அந்தக் கன்றையே கேட்கலாம். இப்போது அது இரண்டு முறை ஈன்ற பசு.

அப்பேர்ப்பட்டவள், எண்பத்து மூன்றாம் வருடம் தீபாவளி கழிந்த வாரம், செங்குத்துச் சரிவில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் தேயிலைச் செடியைப் பிடித்தாள். கை வழுக்கியது. கூடை உருண்டு கொழுந்தெல்லாம் ஓடைவரை சிதறியது. கங்காணி செல்லையா பார்த்துவிட்டார்.

“அக்கா, நாளையிலேர்ந்து நர்சரிக்குப் போயிருங்க. நிழல்ல உக்காந்து நாத்துப் பையில மண்ணு போடலாம்லா.”

நர்சரிக்குப் போனவர் எவரும் மலைக்குத் திரும்பியதில்லை. நவமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. தேயிலை வரிசைகளில் முதல் நிரையைக் கல்யாணமாகி வந்த வருடமே பிடித்தவள், புருஷன் செத்த மாதத்தில்கூட அதை விட்டதில்லை. அதை விட்டால் தன் பெயரில் பாதி போய்விடும் என்பது அவள் எண்ணம்.

“மண்ணு போடுற வயசு எனக்கு வரலை கங்காணியாரே. என் மேல மண்ணு போடுறப்ப சொல்லுங்க, வாரேன்.”

“அப்ப டிரஸர் சொல்லட்டும். பலம் இருக்குன்னா மலை. இல்லைன்னா நர்சரி.”

எஸ்டேட்டுக்கு மருந்து கொடுக்கும் டிரஸர் நாகப்பன் டிஸ்பென்சரியில் அவளைத் தராசில் ஏற்றினார். பத்து வருடத்துக்கு முன்பிருந்த அதே எடை. நவமணி கங்காணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்போடு கட்டிக்கொண்டு எழச் சொன்னார் டிரஸர்.

துரை வந்தால் உட்காரும் நாற்காலி அது. தோட்டத்து ஆட்கள் அதில் சாய்ந்து உட்காருவதில்லை. நவமணியும் சிட்டுக்குருவி மாதிரி நுனியில் தொற்றி, உட்காரும் முன்பே எழுந்துவிட்டாள். நாகப்பனும் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அவர் கண்ணுக்கு அது மரியாதையாகத்தான் பட்டது. “பலம் இருக்கு,” என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து அவள் காலில் ரத்தம் வழிந்தது.

“அட்டை கடிச்சிருக்கு. துணியை அவிழுங்கம்மா.”

அட்டை ஏறாமலிருக்கக் கெண்டைக்காலில் சுற்றும் மாவுச்சாக்குத் துணி. பழைய முடிச்சு இருந்த இடம் தேயிலைக் கறையேறிக் கறுத்திருந்தது. புது முடிச்சு அதற்கு வெகு உள்ளே இருக்க, மிச்சத் துணி வாலாகத் தொங்கியது. நாகப்பன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“முந்தி ரெண்டு சுத்து. இப்ப மூணா?”

“துணி நீண்டுருச்சு.”

“மாவுச்சாக்கு நீளுமா? காலுல சதை கரைஞ்சு, இடுப்புல கொழுப்பு வந்து உக்காந்துருச்சு. அதான் தராசு காட்டிக்கொடுக்கலை. வயசானா வர்றதுதான். இப்ப நல்லா சாஞ்சு உக்காந்து எந்திரிங்க.”

சாய்ந்தாள். எழப் பார்த்தாள். முடியவில்லை. கைகள் தாமாகவே நாற்காலிப் பிடிகளைத் தேடிப் போயின. செல்லையா தொண்டையைச் செருமினார்.

“நாற்காலி பள்ளமா இருக்கு,” என்றாள் நவமணி. பிறகு குரலைத் தாழ்த்தி, “போனது திரும்பி வருமா? அதை மட்டும் சொல்லுங்கய்யா.”

“கொஞ்சம் வரும். முழுசும் வராது. முட்டை, பருப்பு, சோயா தெம்பே நல்லா சாப்பிடணும். சுமையோட தினம் உக்காந்து எந்திரிக்கணும்.”

“அப்ப தைப்பூசம் வரைக்கும் என் நிரையில யாரும் கை வைக்கக்கூடாது. அப்புறம் பாருங்க. இங்க இல்லை, மலையில. என் காலு வேலை செய்யற எடத்துக்கு உங்க நாற்காலி வரட்டும்.”

அன்றிலிருந்து குழாயடி பெஞ்சில், இடுப்பில் அரிசி மூட்டையை அணைத்தபடி உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். லயத்துக் கோழிகள் அவள் தலையைக் கண்டாலே பயந்து முட்டையிட்டன.

“என்னக்கா, பெஞ்சோட கல்யாணமா?” என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மா.

“ஆமா. இது குடிச்சுட்டு வராது.”

சில நாள் முழங்கால் நெருப்பாய் எரியும். வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து அழுவாள். அந்தச் சுவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

தைப்பூசம் முடிந்தது. நாற்காலியைத் தூக்கிவர ஒருத்தியும் முன்வரவில்லை. எல்லார் முதுகிலும் கூடை. செல்லையாவே அதைத் தலையில் வைத்து, மூச்சுவாங்க மலையேறினார்.

நவமணி கூடையை இறக்கிவிட்டு, துரை மாதிரி முதுகை முழுக்கச் சாய்த்து உட்கார்ந்தாள். கையைக் கட்டினாள். முதல் முறை எழவில்லை. கங்காணியின் மீசை மெல்ல மேலேறியது. அவள் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து ஊன்றினாள். கால் நடுங்க நடுங்க எழுந்து நின்றாள். திரும்பவும் உட்கார்ந்தாள், எழுந்தாள்.

“போதும்மா,” என்றார் நாகப்பன்.

“உங்களுக்குப் போதும்,” என்று சொல்லி இன்னொரு தரமும் எழுந்தாள்.

நாகப்பன் குனிந்து அவள் காலைப் பார்த்தார். துணிச் சுற்று இன்னும் மூன்றுதான். தொங்கிய வால் மட்டும் குட்டையாகியிருந்தது. “மலையிலேயே இருக்கட்டும்,” என்றார்.

களைத்துப் போன செல்லையா, காலியான நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“கங்காணியாரே, கையைக் கட்டிக்கிட்டு எந்திரிங்க பாப்போம்.”

அவரும் வீராப்பாய்க் கையைக் கட்டினார். முக்கினார், முனகினார். நாற்காலிதான் அசைந்தது. கொழுந்து கிள்ளிய கைகளெல்லாம் நின்றுவிட்டன.

“நர்சரியில நிழல் நல்லா இருக்குமாம்,” என்றாள் நவமணி.

மூன்றாவது சுற்றை இறுக்கிக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு முதல் நிரைக்கு ஏறினாள். நாற்காலியை யார் கீழே கொண்டுபோவது என்று அவள் கேட்கவில்லை.