இலந்தைக்கு நான் சொன்ன பூர்வீகம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கும் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆடிட் வருவதாக இருந்தது. வளாகத்து மரங்களுக்கெல்லாம் லத்தீன் பெயர்ப்பலகை மாட்ட வேண்டுமாம். புத்தகம் படிக்கிறவன் என்று என்மேல் ஒரு பழி உண்டு. வேலை என் தலையில் விழுந்தது.

பலகையோடு நின்றிருக்கலாம். மேனேஜரை அழைத்துப்போய் ஒவ்வொன்றுக்கும் பொழிப்புரை வேறு சொன்னேன்.

கேன்டீன் பக்கத்து இலந்தைக்கு வந்தோம். "ஜிஜிபஸ் மாரிஷியானா. ரெண்டாவது வார்த்தை ஊர்ப்பேரு சார். மொரீஷியஸைச் சேர்ந்ததுன்னு அர்த்தம்."

மேனேஜர் முகம் மாறியது. "ஃபாரின் மரமா? நாட்டு மரம் மட்டும்தான் இருக்குன்னு ஆடிட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கேனே! வெட்டிடலாம் சார்."

என் அரைகுறை லத்தீன் அதுவரை ஓர் உயிருக்கும் தீங்கு செய்ததில்லை.

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார அக்கா ஹோஸ் பைப்போடு வந்தார். "வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா சார்? பேக்கிங்ல இருக்கற அத்தினி பொம்பளைங்களும் என் பேச்ச கேக்கறதே இந்தப் பழத்துக்குத்தான். இன்னா பேஜாரு பண்ணிட்ட!"

நான் தடுமாறினேன். "சார், பேரு வெச்ச ஆளு மொரீஷியஸ்ல வளர்ந்த மரத்தப் பார்த்து வெச்சிட்டான். அவ்ளோதான். இது நம்ம ஊர்லயும் ஆதியில இருந்து இருக்கறதுதான்."

"ப்ரூஃப் இருக்கா சார்?" என்றார் மேனேஜர்.

இல்லை. இருந்த ஒரே ஆதாரம் மரம். அது பேசாது. அக்கா பேசினார்.

"நீ செவ்வாப்பேட்டைதானே சார்? துபாய்ல நாலு வருசம் இருந்துட்டு வந்த. அங்க உன்னப் பாத்தவன் துபாய்க்காரன்னு எழுதிக்கினா, நீ துபாய்க்காரனா ஆயிடுவியா? ஊட்ல ஒத்துக்குவாங்களா?"

மேனேஜர் யோசித்தார். நான் துபாய்க்காரனாகவே ஆகியிருந்தால் தேவலை என்றுகூட நினைத்திருக்கலாம். கடைசியில், "சரிம்மா, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அடுத்தது புளியமரம். இப்போது லத்தீன் அவருக்கும் தொற்றியிருந்தது. பலகையை அவரே படித்தார்.

"டாமரிண்டஸ் இண்டிகா! இண்டிகான்னா இந்தியா! பாருங்க சார், இதுதான் அசல் நம்ம மண்ணு மரம். புளி இல்லாம நமக்கு ஏது குழம்பு?"

புளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அதைச் சொல்ல நாக்கு துடித்தது. இரண்டு ஆதாரங்கள்கூட நினைவுக்கு வந்தன. திரும்பிப் பார்த்தேன். அக்கா ஹோஸ் பைப்பை நேராக என் முகத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சுத்தமான நாட்டு மரம் சார்" என்றேன்.