என் மருமகள் மாட்டிய முன் சக்கரம்

ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடுகிறவள் பட்டப்பகலில், தெருவே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து டயரை அழுத்திக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டா போவாள்? கஞ்சப் பிசினாறி என்றும் சொல்லாதீர்கள். இன்னொரு பேச்சும் உலவுகிறது. காசு மிச்சம் பிடிக்க வீட்டிலேயே டயரை மாற்றினாளாம், அதனால்தான் புருஷன் கால் உடைந்ததாம், உடைந்த காலோடு அவனைப் போட்டுவிட்டுப் போய்விட்டாளாம். பக்கத்து வீட்டுத் தையல்காரி இதை என் வாசலில் நின்றே சொன்னாள். எனக்குக் கண்தான் மங்கல். காது அப்படியேதான் இருக்கிறது. உடைந்தது என் மகனின் கால், பெற்றவள் நான். எனக்கே இல்லாத வழக்கு இவளுக்கு எதற்கு?

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது. ஒரு வார்த்தையையும் மெருகு போடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மருமகளின் வேலை, கிளினிக் கிளினிக்காகப் போய் அங்கே எடுத்து வைத்த ரத்தக் குப்பிகளைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு, பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது. நாள் முழுக்க மோட்டார் சைக்கிளில்தான். ஆரம்பத்தில் அவளும் எல்லாரையும் போல மெயின் ரோட்டு டயர் கடையில்தான் டயர் மாற்றினாள். அந்தக் கடைக்காரன் தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே மாற்றினான். லீவரைப் போட்டு நெம்பும்போது உள்ளே ட்யூப் நசுங்கியதை அவன் கவனிக்கவில்லை. பாலத்து நடுவில் முன் டயர் பொசுக்கென்று இறங்கிவிட்டது. பின்னால் லாரி.

அன்றைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். படியில் உட்கார்ந்தவள் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

"லாரி எங்க நின்னுச்சு தெரியுமா அத்தை? அதோட சூடு என் முதுகுல பட்டுச்சு" என்றாள்.

பிறகுதான் தன் சக்கரத்தில் வேறு யாரையும் கை வைக்க விடாமல் ஆனாள். காசு அல்ல காரணம், பயம். லீவர் வாங்கினாள், ஸ்பானர் வாங்கினாள், போனில் படம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். டயர் மாற்றும் நாளில் எங்கள் சமையலறையில் நடக்க இடமிருக்காது. ஒரு பக்கம் சோப்புத் தண்ணீர் வாளி, ஒரு பக்கம் வெயிலில் போட்டு இளக்கிய புது டயர். பழைய டயர் ரிம்மை விட்டு வராமல் அடம் பிடித்தால் என்னைக் கூப்பிடுவாள்.

"அத்தை, கொஞ்சம் ஏறி நில்லுங்க."

"ஏன், உன் எடை பத்தலையா?"

"உங்களுதுதான் கனமான குடும்பம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மிதிப்பேன். டயர் பொத்தென்று விட்டுக்கொடுக்கும். என் உடம்பு வேறு எதற்கு உதவியிருக்கிறது சொல்லுங்கள்.

கடைசி வேலைதான் எனக்குப் பிடிக்கும். ஒரே உயரத்தில் இரண்டு முக்காலி போட்டு, சக்கரத்தின் அச்சை அவற்றின் மேல் படுக்க வைப்பாள். சக்கரம் நடுவில் தொங்கும். மெல்லச் சுற்றிவிட்டால், எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் ஆடி ஆடிக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே உள்ள ஸ்போக்கில் ஈயக் கம்பியைச் சுற்றுவாள். மறுபடி சுற்றுவாள். சக்கரம் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கும்வரை விடமாட்டாள். அந்தக் கம்பியை வளையல் மாதிரி நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே மடக்கிவிடுவாள். பார்க்க நகை வேலை போல இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், விஷயமே அதில்தான். முன் சக்கரத்தோடு ஒரு பிரேக் தட்டு உண்டு. அதில் ஒரு பள்ளம். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியின் முன் காலில் அதற்கென்று ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை மாட்டும்போது அந்த முனை இந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றாலும் நட்டு இறுகும், சக்கரம் சுற்றும், வண்டி ஓடும். பிரேக்கை ஓங்கிப் பிடிக்கும்போது நழுவிவிடும். தட்டு சுழன்று சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவன் ஹேண்டில்பாருக்கு மேலே தலைகுப்புறப் பறப்பான்.

என் மகன் அப்படித்தான் பறந்தான்.

சனிக்கிழமை அவள் முன் டயரை மாற்றி வைத்தாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. சிநேகிதனைப் பார்க்கப் போவதாக வண்டியை எடுத்தவன் சிக்னலில் விழுந்தான். காலில் இரண்டு இடத்தில் முறிவு. வண்டியை யாரோ சின்ன லாரியில் ஏற்றி வந்து பின் அறையில் போட்டார்கள். மேலே ஒரு பழைய போர்வை.

அந்தப் போர்வையை அவள் விலக்கவில்லை. அந்த அறைக்குள் போகவே இல்லை. ஆனால் ஒரே கேள்வி.

"அத்தை, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. பள்ளத்துல உக்காந்துச்சா?"

இருந்தேன்தான். என் கண்ணுக்கு அது எங்கே தெரியும்? "நீ பார்க்காம விடுவியாடி" என்பேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

பயம் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மோட்டார் சைக்கிளில் போக மாட்டேன் என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லி, குப்பி கழுவும் வேலைக்கு மாறிக்கொண்டாள். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருவாள், அடுப்பை அணைத்தேனா என்று. அணைத்திருப்பாள். மறுபடி வருவாள், கதவு. புருஷனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது அட்டையை என்னிடம் நீட்டி, "இது வெள்ளைதான, அத்தை?" என்பாள், மங்கல் கண்ணுக்காரியிடம். சோப்பு வாளியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவாள்.

தையல்காரிக்குக் கொண்டாட்டம். "அவ டீ போட்டாக்கூட அடுப்ப ரெண்டு தடவ பார்த்துக்கங்கம்மா" என்றாள் என்னிடம். "நீ தச்ச ஜாக்கெட்ட நான் மூணு தடவ பார்த்துக்கிறேன்" என்று அனுப்பினேன்.

என் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான்தான் சரியா மாட்டலையா?" என்று கேட்பாள். "விடு. நடந்தது நடந்துபோச்சு" என்று அவள் கையைத் தட்டிக்கொடுப்பான். தங்கமான பிள்ளை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன்.

கட்டுப் பிரிக்கும் முன்பே வண்டியை விற்றுவிட வேண்டும் என்று அவன் அவசரப்பட ஆரம்பித்தான். பழைய வண்டி வாங்குகிறவன் மறுநாள் வருவதாகப் பேச்சு.

"நீ அதப் பார்க்க வேணாம். பார்த்தா உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்றான் அவளிடம்.

எனக்கு யாராவது வேண்டாம் என்றால் அதைத்தான் செய்யத் தோன்றும். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம் அத்தை. நான்தான்னு தெரிஞ்சிட்டா என்ன செய்வேன்?"

"தெரியாம இப்ப மட்டும் என்ன செஞ்சு கிழிக்கிற? அடுப்புக்கும் கதவுக்கும் நடந்து செருப்புதான் தேஞ்சுது."

போர்வையை நான்தான் இழுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூச்சு வாங்குவது அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. பிறகு குனிந்தாள். பிரேக் தட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது, கை முதலில் ஸ்போக்குக்குப் போனது. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினாள். ஒரு முழுச் சுற்று. மறுபடியும் ஒன்று.

"என் கம்பி எங்க அத்தை?"

அவள் சுற்றிய ஈயக் கம்பி இல்லை. வேறொரு ஸ்போக்கின் அடியில் கடையில் அடிக்கிற ஈயக்கட்டி ஒன்று பற்களால் கவ்வியது போல உட்கார்ந்திருந்தது. என் விரலை எடுத்து அதன் மேல் வைத்தாள். சுத்தியல் பட்ட பள்ளம் விரலுக்குத் தெரிந்தது.

"இது என் கை இல்ல" என்றாள். "நான் மாட்டினதுக்கு அப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க."

கட்டிலருகே போய் நின்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது.

"எந்தக் கடைக்குப் போனீங்க?"

அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "எங்க அச்சகத்துல கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் சிரிச்சாங்கம்மா. வண்டிக்கும் பொண்டாட்டிதான் வைத்தியமான்னு. மெயின் ரோட்டு டயர் கடையில சக்கரம் சரிபார்க்கிற மெஷின் வந்திருக்கு, ஒரு தடவ கழட்டிப் போட்டுப் பார்த்துரலாம்னு…"

"என்கிட்ட சொல்லுங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாள் தள்ளிப்போச்சு. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு பயமாயிருச்சு."

"பயமா" என்றாள் அவள். அந்த வார்த்தையை அவனிடம் இரவல் வாங்கிப் பார்ப்பது போலச் சொன்னாள். "கடைக்காரன் ஏதோ அவசரத்துல தப்பு பண்ணினான். நீங்க படுத்துக்கிட்டே பண்ணீங்க. என் கையத் தட்டிக்கொடுத்துக்கிட்டே."

வண்டி வாங்க வந்தவனை நான் திருப்பி அனுப்பினேன்.

அவள் உடனே போய்விடவில்லை. அதைத் தையல்காரி காதில் போடுங்கள். கட்டுப் பிரித்து, அவன் கோல் ஊன்றித் தானாகக் குளியலறைக்குப் போகிறவரை மாத்திரை கொடுத்தாள், தலை துடைத்துவிட்டாள். பேசவில்லை, அவ்வளவுதான். அதற்குள் வண்டியின் முன் காலை மெக்கானிக்கிடம் காட்டி நேராக்கினாள். புதுத் தட்டு, புது பிரேக் கேபிள் வாங்கினாள். சக்கரத்தை மட்டும் அவனிடம் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

முக்காலி மறுபடி சமையலறைக்கு வந்தது. கம்பியை மூன்று முறை சுற்றி மூன்று முறை பிரித்தாள். சக்கரத்தை மாட்டும்போது என்னைக் கீழே உட்கார வைத்து, என் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே விட்டாள்.

"தெரியுதா அத்தை? முனை பள்ளத்துக்குள்ள முழுசா இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு நான் கேக்கக் கூடாது."

விரலை ஓட்டிச் சுற்றிலும் துழாவினேன். இடைவெளி இல்லை. "இருக்குடி. என் விரல்தான் சாட்சி" என்றேன்.

அவள் புறப்பட்ட நாள் காலையில் பையும் ரத்தப் பெட்டியும் வாசலில் இருந்தன. பரிசோதனைக் கூடத்தில் பழைய வேலையைத் திரும்ப வாங்கி, அதன் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்திருந்தாள். என் மகன் கோலை ஊன்றிக் கதவுவரை வந்தான். "எப்ப வருவ?" என்று கேட்டான். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். அவள் விரலில் சோப்பு வாசனை.

"அடுப்ப அணச்சிட்டேன்" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

படியிறங்கினாள். டயரை அழுத்திப் பார்த்தாள். வண்டி கிளம்பியது. எங்கள் தெரு முனையில் சட்டென்று ஒரு திருப்பம், எதிரே எது வருமென்று தெரியாது. அவள் வேகம் எடுப்பது கேட்டது. என் சுண்டுவிரலை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முனையில் அவள் ஓங்கிப் பிரேக் பிடித்தாள். வேண்டுமென்றே பிடித்தாள், எனக்குத் தெரியும். டயர் தரையில் ஒரு கீறல் கீறியது. நான் விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

என்ஜின் மட்டும் நின்ற இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு, வண்டி முனையில் திரும்பிப் போனது.