அத்தைக்காக ஒரு வாசல் கதவு

அமெரிக்காவில், பார்சிப்பனியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு என்னைவிட வயது அதிகம். அதன் வாசல் கதவுக்கும் அதே வயது. மரக்கதவு. நானும் என் கணவரும் அதைக் கவனித்ததே இல்லை. காரை கராஜில் விட்டு அந்த வழியாகவே உள்ளே வந்துவிடுவோம். நவம்பரில் என் மாமியார் வந்த பிறகுதான் அந்தக் கதவு தினமும் திறந்தது.

அத்தை திருச்சியில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏப்ரல் கடைசிக்குத் திரும்பும் டிக்கெட். அவர் வந்த பிறகுதான் எங்கள் வீடு வீடு மாதிரி ஆனது. நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இருவரும் சீட்டு விளையாடுவோம். தோற்றால் சீட்டுக்கட்டில் ஒன்று குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பார். ஜெயித்தால் எண்ண மாட்டார்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள், கம்பளித் தொப்பியும் மகனின் ஸ்கீ ஜாக்கெட்டுமாக ஹால் சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"டேய், டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுமா பாரு. பொங்கலுக்கு ஊர்லயே இருந்துக்கறேன். இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கல."

"பாக்கறேம்மா" என்றார் என் கணவர்.

அத்தையைப் போக விட எனக்கு மனமில்லை. கவலை வந்தால் நான் பட்டியல் போடுவேன். அன்றும் போட்டேன்: ஹால் குளிர்வதற்கான காரணங்கள். ஹீட்டர், சரியாக ஓடுகிறது. ஜன்னல்கள், போன வருடம்தான் மாற்றினோம். மிச்சம் இருந்தது வாசல் கதவு. பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி கதவின் ஓரம் முழுக்க நகர்த்திப் பார்த்தேன். மேலேயும் பக்கங்களிலும் புகை நேராக ஏறியது. அடியில் வைத்ததும் என் முகத்துக்கே திரும்பி வந்தது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு! குறை இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதுக் கதவு தேடுவதில் மூவரும் இறங்கினோம். மரம் என்றால் ஈரத்தில் உப்பும். இரும்புத் தகடு என்றால் இடித்த இடம் நசுங்கும். ஃபைபர் கிளாஸ் கதவின் நடுவே நுரை அடைத்திருப்பார்கள், குளிரை அதுதான் நன்றாகத் தடுக்கும். இதையெல்லாம் அட்டவணையாக்கி டிவியில் காட்டினேன். என் கணவருக்குக் கவலை பூட்டைப் பற்றித்தான், நம்பர் அழுத்தித் திறக்க வேண்டும். நான் கறுப்பு நிறம் கேட்டேன்.

"கறுப்புக் கதவா? யாரும்மா உள்ள வருவா?" என்று அத்தை முடித்துவைத்தார். செங்கல் சிவப்பு என்று முடிவானது.

அளவெடுக்க வந்தவர் நரைத்த தாடிக்காரர். கதவைத் திறந்து, வாசற்படியின் மரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். கேக்கில் போவது போல் இறங்கியது. கதவின் அடியில் இருக்க வேண்டிய ரப்பர் பட்டை நார் நாராகத் தொங்கியது. இங்கே யாராவது தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று கேட்டார். மரம் பழசுதான், ஆனால் தண்ணீர் அடியில் போய் உறைந்து ரப்பரைப் பிடித்துக்கொள்கிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கிழிகிறது என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலில் தினமும் அத்தையின் கோலம் இருந்தது. நான் அதைப் படமெடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் எழுவதற்குள், கோலத்துக்கு முன்னால் அவர் தண்ணீர் தெளித்திருப்பார் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. குளிருக்காக வெந்நீராகவே ஒரு சொம்பு தெளித்திருக்கிறார்.

அளவெடுத்தவர் போனதும் அத்தை என்னைப் பார்த்தார்.

"வாட்டர் வாட்டர்னு சொன்னாரே, என்னையா?"

மரம் பழசு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். பொய்யும் இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் புதுக் கதவின் ரப்பரும் ஒரே மாதத்தில் கிழியும். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை எழுந்து மாடிக்குப் போய்விட்டார். இனி அவர் இங்கே இருக்கப் போவதில்லை என்றே நினைத்தேன். சமையலறையில் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பினால், சிரிப்பு.

"முப்பத்தஞ்சு வருஷம் தப்பு விலாசம் போட்ட தபாலெல்லாம் ஆள் கண்டுபிடிச்சுச் சேத்திருக்கேன். என்னைக் குளிர்ல உக்கார வெச்சது யாருன்னு எனக்குத் தெரியலையே."

அன்று மதியம் நான் சீட்டில் வரிசையாகத் தோற்றேன். வேண்டுமென்றே தோற்கவில்லை.

ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை, கதவு வந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். ஆட்கள் வந்ததோ ஒன்பதுக்கு. அத்தை அதற்கும் வழி வைத்திருந்தார்: பழசை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், புதுசுதான் பத்தரைக்கு மேல் நிற்க வேண்டும். எப்படியும் உளுத்த மரத்தை வெட்டியெடுக்கவே அவ்வளவு நேரமானது. கதவில்லாத வீட்டுக்குள் காற்று நேராக சமையலறை வரை வந்தது. அத்தை ஸ்கீ ஜாக்கெட்டோடு ஃபில்டர் காபி போட்டு, வந்தவர்கள் கையில் டம்ளரைக் கொடுத்து, குடிக்கும் வரை அங்கேயே நின்றார். பதினொன்றுக்குச் சிவப்புக் கதவு சட்டத்தோடு நின்றது. மூடியபோது மெத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மாலைக்குள் அத்தை தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு ஜாக்கெட்டையும். இரண்டையும் மடித்துவைத்துவிட்டுக் கேட்டார்.

"இங்க தண்ணி உறையறது எப்பம்மா நிக்கும்?"

"ஏப்ரல் பாதிக்கு மேல, அத்தை."

"அதுவரைக்கும் கோலத்த வெறும் பொடில போட்டுக்கறேன். அப்புறம் ரெண்டு வாரம் இருக்குல்ல, ஆசை தீர தெளிச்சுட்டுப் போறேன்." மகன் பக்கம் திரும்பினார். "டேய், டிக்கெட்ட மாத்த வேணாம்."

"நான் இன்னும் பாக்கவே இல்லம்மா."

"தெரியும்டா. உன்கிட்ட ஒரு வேலை சொன்னா என்னைக்குச் செஞ்ச?"